செவ்வந்தியின் ஏழாவது வரி

ஒரு விடுகதை போடுகிறேன். மடி கிடையாது, காம்பு கிடையாது, கன்றும் கிடையாது. ஆனாலும் பால் உண்டு. அது என்ன?

தேங்காய் என்கிறீர்கள். தப்பில்லை. கள்ளிச்செடி என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அதுவும் தப்பில்லை, குடிக்காத வரைக்கும். ஆனால் நான் நினைத்தது பருத்தி. மதுரையில் பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சித் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். அதற்குப் பருத்திப்பால் என்று பெயர்.

விடுகதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அந்தப் பாலுக்காகவே மதுரைக்குப் போன ஒரு சிறுமி, அதை எந்த இடத்தில் ஊற்றித் தரச் சொன்னாள்? இதற்கு இப்போது உங்களால் விடை சொல்ல முடியாது. முடியும்போது அவளே சொல்வாள்.

அவள் பெயர் செவ்வந்தி. வயது எட்டு. ஊர் நொச்சிக்கரட்டுப்பட்டி. மதுரையிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அங்கே பருத்தி நன்றாக விளையும். பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைப்பார்கள், மாடு பால் கொடுக்கும். நடுவில் மாடு இல்லாமலே பால் வரும் என்று செவ்வந்தி ஒருநாள் மூன்றாம் வகுப்பில் சொல்லிவிட்டாள். மதுரைக்குப் போய்வந்த அவளுடைய அத்தை சொன்ன செய்தி அது. வகுப்பே உருண்டு உருண்டு சிரித்தது.

“திங்கக்கிழமை கண்ணால காட்டு. இல்லாட்டி நீ வருஷம் பூரா புளுகுணிதான்,” என்றாள் பக்கத்துப் பெஞ்சுப் பேச்சி.

எட்டு வயதில் ஒரு வருஷம் என்பது மிகவும் நீளமானது.

இனி நொச்சிக்கரட்டுப்பட்டியின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஊரார் அச்சில் வந்த எதையும் மீறமாட்டார்கள். ஒரு வரியும் விடாமல், வரிசையும் மாறாமல் செய்து முடிப்பார்கள். ஒரு முறை கல்யாணப் பத்திரிகையின் அடியில், சின்ன எழுத்தில், அச்சகத்தின் பெயர் இருந்தது. உடனே ஆள் அனுப்பி அச்சகக்காரரை வரவழைத்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மாலையும் போட்டார்கள். அவர் வந்து சேரும்வரை தாலி கட்டவில்லை. அவரும் பாவம், மை அப்பிய கையோடு மொய் எழுதிவிட்டுப் போனார்.

பேச்சி அப்படிச் சொன்னது போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலமே செவ்வந்தியின் அப்பா சடையப்பன் வடை வாங்கி வந்தார். வடை ஒரு செய்தித்தாள் துண்டில் சுற்றியிருந்தது. வடை தீர்ந்ததும் எழுத்து தெரிந்தது. செவ்வந்தியின் தாய்மாமன் ஒச்சப்பன் அதை நீவிவிட்டு உரக்கப் படித்தார்.

“இரண்டு நாளில் மதுரை. வரலாறும் சுவையும். இந்த வார இறுதியிலேயே கிளம்புங்கள்!”

“இந்த வாரக் கடைசின்னா நாளைக்கு,” என்றார் சித்தப்பா மாயழகு.

“அப்ப நாளைக்குக் கிளம்பணும்,” என்றார் சடையப்பன். வேறு பேச்சே இல்லை.

அதற்குக் கீழே ஏழு வரிகள் இருந்தன. ஏழாவது வரி இது: கடைசி இடத்தை உங்கள் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

“ஆளுக்கொரு குழந்தை வேணுமா, மூணு பேருக்கும் சேர்த்து ஒண்ணு போதுமா?” என்று கேட்டார் மாயழகு.

ஒச்சப்பன் வரியை விரலால் தடவிப் பார்த்தார். “குழந்தைன்னு ஒருமையிலதான் போட்டிருக்கு.”

“நான் வர்றேன்!” என்று செவ்வந்தி குதித்தாள். “கடைசி இடம் பருத்திப்பால் வண்டி!”

“இப்பச் சொல்லக்கூடாது, தாயி. அது ஏழாவது வரி,” என்றார் சடையப்பன்.

முதல் வரி: சுமை இல்லாமல் பயணம் செய்யுங்கள். மூவரும் பையைத் தொடவே இல்லை. இரண்டு நாளைக்கு வேண்டிய சட்டை, வேட்டி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் மேலேயே உடுத்திக்கொண்டார்கள். பேருந்தில் மாயழகால் கையை மடக்க முடியவில்லை. செவ்வந்திதான் சித்தப்பாவின் நான்காவது சட்டைப்பையைத் தேடிப் பிடித்துக் காசை எடுத்துக் கொடுத்தாள். நடத்துநர் கேட்டார்: “என்னப்பா, ஊட்டிக்கா?”

“மதுரைக்கு,” என்றார் சடையப்பன். வியர்வை காதுவழியாக இறங்கியது. “சுமை இல்லாமப் போறோம்.”

இரண்டாவது வரி: கூட்டம் வருமுன் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்ச் சேருங்கள். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவர்கள் மகால் வாசலில் நின்றார்கள். காவலாளி ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்றார். அவர்கள் நின்றார்கள். எட்டே முக்காலுக்கு நான்கு பேருந்துகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

“கூட்டம் வந்துருச்சு,” என்றார் மாயழகு.

“அதுக்கு முன்னாடி நாம வந்தோமா?”

“வந்தோம்.”

ஒச்சப்பன் இரண்டாவது வரிக்கு நேரே ஒரு கோடு போட்டார். மூவரும் திரும்பி நடந்தார்கள்.

இரண்டேகால் மணி நேரமாக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்த காவலாளிக்குப் பொறுக்கவில்லை. “ஏப்பா, உள்ள போகலையா? இந்தா, கதவைத் திறக்கப்போறேன்!”

“உள்ள போகச் சொல்லி எழுதலையேண்ணே,” என்றார் ஒச்சப்பன். “இங்க வரலாற்றைத் தொடலாமா?”

“அதெல்லாம் உள்ள எதையும் தொடக்கூடாது.”

“மூணாவது வரி தொடச் சொல்லுது.”

“தூணைத்தான் தொடணும்னா பத்துத்தூண் சந்துக்குப் போங்க. இங்கேருந்து போனாச் சரி.”

மூன்றாவது வரி: வரலாற்றைத் தொட்டு உணருங்கள். பத்துத்தூண் சந்து பக்கத்திலேயே இருந்தது. பழைய அரண்மனையின் கல்தூண்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. தூணுக்குத் தூண் நடுவே துணிக்கடைகள். நைட்டிகளுக்குள்ளும் பாவாடைகளுக்குள்ளும் கையை விட்டு மூவரும் ஒன்பது தூண்களைத் தொட்டுவிட்டார்கள். பத்தாவது தூணைத் தொட முடியவில்லை. ஒரு ஸ்கூட்டர் அதில் சாய்ந்து நின்றது.

“தள்ளி வெச்சுட்டுத் தொடலாமேப்பா,” என்றாள் செவ்வந்தி.

“ஸ்கூட்டரைத் தொடச் சொல்லலையே, தாயி.”

ஸ்கூட்டருக்கு உரியவர் வரும்வரை காத்திருந்தார்கள். மணி ஒன்றாயிற்று. பக்கத்துத் துணிக்கடையிலிருந்து துளசிராம் என்ற விற்பனையாளர் வந்து வண்டியை நகர்த்தினார். உடனே மூன்று பேரும் பாய்ந்து தூணைக் கட்டிக்கொண்டார்கள். துளசிராம் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

“உணர்ந்தியா?” என்றார் சடையப்பன், கன்னம் கல்லில் ஒட்டியிருக்க.

“சுடுது மச்சான்.”

“வரலாறு அப்படித்தான் இருக்கும்.”

நான்காவது வரி: உள்ளூர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்களோ அங்கே சாப்பிடுங்கள். அதுதான் உண்மையான ருசி!

“அண்ணே, நீங்க உள்ளூரா?” என்று கேட்டார் ஒச்சப்பன்.

“பொறந்ததுலேருந்து இங்கதான்,” என்றார் துளசிராம், சாவியை எடுத்துக்கொண்டே.

“மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?”

“வீட்லதான். ஏன்?”

ஒச்சப்பன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஸ்கூட்டர் கிளம்பியதும் பின்னாலேயே ஓடினார்கள். சனிக்கிழமை நெரிசலில் ஸ்கூட்டரைவிட அவர்கள் வேகமாகப் போனார்கள். இரண்டு இடத்தில் நின்று துளசிராமுக்காகக் காத்திருக்கவும் வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவர், பின்னால் நாலு பேர் மூச்சிரைத்து நிற்பதைப் பார்த்தார். மதுரைக்காரர்களுக்கு ‘வாங்க, சாப்பிடுங்க’ என்பது தும்மல் மாதிரி. வாயை மூடுவதற்குள் வந்துவிடும். அவருக்கும் வந்துவிட்டது.

அவருடைய மனைவி ராதா, கடைக்கு வரும் மொத்த வியாபாரிகள் போலிருக்கிறது என்று நினைத்து நாலு இலை போட்டார். பத்துச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் துணி வியாபாரிகளாகத்தானே இருக்க வேண்டும்? சாயங்காலம் முள்ளுமுருங்கை இலையை அரைத்து வடை தட்டி, மேலே பொடி தூவிக் கொடுத்தார். மூவரும் கண்ணை மூடித் தின்றார்கள்.

“உண்மையான ருசியா?” என்றார் சடையப்பன்.

“பொய் மாதிரித் தெரியலை,” என்றார் மாயழகு. இன்னும் ஆறு வடை வைத்துச் சோதித்தார்.

ஐந்தாவது வரி: உள்ளூர்க்காரர்களிடம் கேள்வி கேளுங்கள். தயங்கவே தயங்காதீர்கள்!

இங்கேதான் துளசிராமின் கெட்ட காலம் ஆரம்பமாயிற்று.

“இந்தக் குளிர்பெட்டி எந்த மன்னர் காலத்தது?”

“எங்க மாமனார் காலத்தது.”

ஒச்சப்பன் அதைக் குறித்துக்கொண்டார். மாயழகு சமையலறையிலிருந்து ஓடி வந்தார். “மச்சான், கல்வெட்டு! கல்வெட்டு!” அவர் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. விளிம்பில் ‘ரா. து. 12-6-98’ என்று வெட்டியிருந்தது. மூவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து அதைப் பார்த்தார்கள். அன்று வீட்டிலிருந்த முப்பத்தெட்டுப் பாத்திரங்களையும் படித்து முடித்தார்கள்.

“மகாலுக்குள்ள போயிருக்கீங்களாண்ணே?”

“அஞ்சாம் வகுப்புல கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் எங்க நேரம்? யாராவது வெளியூர்க்காரங்க வந்தாப் போகலாம்னு இருக்கேன்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரரே போகவில்லை. தாங்களும் போகவில்லை.

எப்போது நிறுத்த வேண்டும் என்று ஐந்தாவது வரியில் எழுதவில்லை. அதனால் அவர்கள் மாடியறையில் தூங்கி எழுந்து, ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார்கள். ‘மீட்டர் பெட்டி ஏன் சாம்பல் நிறம்?’ ‘இந்த ஆணியில் முன்பு என்ன தொங்கியது?’ செவ்வந்தி ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து இரவு ஏழு மணிக்கு. இன்னும் இரண்டு வரி இருந்தது.

மூன்று மணிக்கு ராதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தார். “நான் ஒண்ணு கேக்குறேன். நீங்க எப்பக் கிளம்புவீங்க?”

“கேள்வி நாங்கதான்க்கா கேக்கணும்,” என்றார் ஒச்சப்பன் வருத்தத்தோடு. “அப்படித்தான் போட்டிருக்கு.”

“மாமா, அந்தக் காகிதத்தை அவங்ககிட்டக் காட்டுங்க,” என்றாள் செவ்வந்தி.

துளசிராம் துண்டை வாங்கி, எண்ணெய்க் கறையைத் தாண்டி, ஆறாவது வரியைப் படித்தார்: பழைய தெருக்களில் தொலைந்து போங்கள்! இரண்டு நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“எங்களைத் தொலைக்க முடியுமாண்ணே?”

“நேத்து மத்தியானத்துலேருந்து அதைத்தானய்யா யோசிச்சிக்கிட்டிருக்கேன். செருப்பைப் போடுங்க.”

தெற்கு மாசி வீதியில் அவர்களை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் பருத்திப்பால் வண்டி நின்றது. பெரிய பித்தளைப் பானை. அடியில் தணல். பானை நிறையப் பால். செவ்வந்தி நின்றுவிட்டாள்.

“அப்பா!”

“ஏழாவது வரி, தாயி. இது ஆறாவது. முதல்ல தொலையணும்.”

தொலைந்து போவதற்கு மாசி வீதியைவிட மோசமான இடம் கிடையாது. மதுரையில் கோயிலைச் சுற்றி வீதிகள் சதுரம் சதுரமாக இருக்கின்றன. தெற்கு மாசி வீதியில் நடக்கத் தொடங்கினால் மேற்கு, வடக்கு, கிழக்கு என்று போய்த் தெற்கு மாசி வீதிக்கே வந்து சேரலாம். அவர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். பானையில் பால் பாதியாகியிருந்தது.

“இந்த வண்டியை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே,” என்றார் மாயழகு.

“அப்ப இன்னும் தொலையலை. நட.”

இரண்டாவது சுற்றில் வழியில் யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். அப்போதும் அதே இடத்துக்குத்தான் வந்தார்கள். பானையில் கரண்டி தரை தட்டும் சத்தம் கேட்டது. மணி ஆறு. செவ்வந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

“தொலைஞ்சோமா இல்லையான்னு எப்படித் தெரியும்?” என்றார் மாயழகு, நடைபாதையில் உட்கார்ந்து.

“நம்மளை யாராவது தேடணும்,” என்றார் சடையப்பன். “யாரும் தேடாதவன் தொலைஞ்சவன் ஆகமாட்டான்.”

“யாரு தேடுறது?”

“நான் தேடுறேன்,” என்றார் மாயழகு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் ஒரு பாத்திரக் கடைக்குப் பின்னால் போய் நின்றார்கள். “எங்கடா இருக்கீங்க?” என்று மாயழகு கத்தினார். “பாத்திரக் கடைக்குப் பின்னால!” என்று சடையப்பன் பொறுப்பாகப் பதில் சொன்னார். இது மூன்று முறை நடந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கி கேட்டது. கூட்டத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி அறிவிக்கும் ஒரு கூண்டு, கோயில் பக்கத்தில் இருந்தது. செவ்வந்தி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“ஆளைக் காணோம்,” என்றார் சடையப்பன் கூண்டுக்காரரிடம்.

“யாரை?”

“எங்களை. மூணு ஆம்பளை, ஒரு பொம்பளைப் பிள்ளை.”

கூண்டுக்காரர் எழுதுவதை நிறுத்தினார். “எங்க வெச்சுக் காணாமப் போனீங்க?”

“அதான் தெரியலையே. தெரிஞ்சிருந்தா எப்படித் தொலைஞ்சதாகும்?” என்றார் ஒச்சப்பன்.

“சட்டை என்ன கலர்?”

“மேல இருக்கிறதா, அதுக்கு உள்ள இருக்கிறதா, அதுக்கும் உள்ளயா?”

அவர்களுக்குப் பின்னால், பிள்ளையைத் தேடி வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கூண்டுக்காரர் ஒலிபெருக்கியைத் திறந்தார். “நொச்சிக்கரட்டுப்பட்டி சடையப்பன், ஒச்சப்பன், மாயழகு, செவ்வந்தி! உங்களைக் காணவில்லை! எங்கிருந்தாலும் கூண்டுக்கு வரவும்!”

மூவருக்கும் உடம்பு சிலிர்த்தது. மதுரை முழுக்கக் கேட்கத் தொலைந்துவிட்டார்கள். அங்கிட்டு நாலடி நடந்து, இங்கிட்டுத் திரும்பி வந்து, “வந்துட்டோம்ணே,” என்று சொல்லி, கிடைத்தும்விட்டார்கள். ஒச்சப்பன் ஆறாவது வரிக்குக் கோடு போட்டார்.

மணி ஆறரை. செவ்வந்தி முன்னால் ஓட, சட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூவரும் பின்னால் ஓடினார்கள். பருத்திப்பால்காரர் சோணைமுத்து தணலைத் தட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

“நில்லுங்கண்ணே!” என்றாள் செவ்வந்தி. “பால் இருக்கா?”

“அடியில ஒரு டம்ளர் இருக்கும், பாப்பா.”

“ஏழாவது வரி,” என்று ஒச்சப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். “கடைசி இடத்தை உங்கள் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். சொல்லு, தாயி.”

“இந்த வண்டி!”

மாயழகு வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். முகம் இருண்டுவிட்டது. “மச்சான், இதுக்குச் சக்கரம் இருக்கு.”

“இருந்தா?”

“சக்கரம் இருந்தா எப்படி இடமாகும்? இடம்னா இருந்த இடத்துல இருக்கணும்.”

சடையப்பனும் குனிந்து பார்த்தார். நான்கு சக்கரம். சந்தேகமே இல்லை. “அண்ணே, சக்கரத்தைக் கழட்டி வைக்க முடியுமா?”

“எதுக்குய்யா?”

“கழட்டிட்டா இடமாயிரும். பிள்ளை தேர்ந்தெடுக்கலாம்.”

“கழட்டிட்டா நான் வீட்டுக்கு எப்படிப் போறது? உங்க தலையில வெச்சா?”

“தலையில வெச்சா அதுவும் நகரும்,” என்றார் ஒச்சப்பன் யோசனையோடு. “அப்பவும் இடமாகாது.”

“அப்பா, ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போயிரலாம்ப்பா. பஸ் போயிரும்!”

“குடிக்கச் சொல்லி எழுதலை, தாயி. இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கு. நீ ஒரு இடத்தைச் சொன்னா முடிஞ்சுது.”

செவ்வந்தி அழவில்லை. வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு பானையைப் பார்த்தாள். குடித்துவிட்டுப் போனால் பேச்சிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது என்பதும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

சோணைமுத்துவுக்கு அன்று காலையிலிருந்தே கால் வலி. “யப்பா சாமிகளா, நான் ஒண்ணு சொல்றேன். வண்டி இடமில்லை. சரி, ஒத்துக்கிறேன். பாப்பா ஏதாவது ஒரு இடத்தைச் சொல்லட்டும். அந்தப் படிக்கட்டோ, இந்த மரத்தடியோ. எந்த இடம் சொல்லுதோ அந்த இடத்துக்கே வண்டியைத் தள்ளிட்டு வந்து, கடைசி டம்ளரை ஊத்தித் தர்றேன். அப்புறம் என்னை விட்டுருவீங்களா?”

“எந்த இடம்னாலும் வருவீங்களா?” என்று கேட்டாள் செவ்வந்தி.

“வருவேன், தாயி. சத்தியமா. சீக்கிரம் சொல்லு.”

ஒச்சப்பன் பென்சிலை எச்சில் தொட்டுத் தயாராக வைத்துக்கொண்டார். சடையப்பன் மகளின் தலையில் கை வைத்து, “தேர்ந்தெடு, ஆத்தா,” என்றார்.

நொச்சிக்கரட்டுப்பட்டி ஆரம்பப் பள்ளி, மூன்றாம் வகுப்பு, பேச்சியின் பெஞ்சுக்கு முன்னால் என்று செவ்வந்தி தேர்ந்தெடுத்தாள்.